வேறென்ன லோடு

மூன்று மணிக்குப் புளியரை தாண்டினால்
ஐந்துக்குள் புனலூர்ச் சந்தை.
பின்னால் நாற்பது கட்டு வாழையிலை,
ஈரச்சாக்கு போட்டு மூடியது.
பக்கத்து சீட்டில் எப்சிபா,
ஒன்பது வயது, அரைத்தூக்கம்,
மடியில் எள்ளுருண்டை டப்பா.
புனலூர் ஆஸ்பத்திரியில் அவள் அம்மாவுக்கு இரவு வேலை.
சனிதோறும் இலையை இறக்கிவிட்டு
அவளை ஏற்றிக்கொண்டு வருவோம்.

நான் கோயிலுக்குப் போகிறவன் இல்லை.
பன்னிரண்டு வருஷமாயிற்று.
ஞாயிறு காலை தாயும் மகளும் போவார்கள்,
நான் வண்டி கழுவுவேன்.

எங்கப்பா சுவிசேஷமுத்து
இதே ஏற்றத்தில் வைக்கோல் லாரி ஓட்டினார்.
வைக்கோல் ஏற்றிய லாரி
ஒரு வீடு எழுந்து நடப்பதுபோல் அசையும்.
வளைவுக்கு ஒரு ஹாரன்,
ஹாரனுக்கு முன்னால் ஒரு வாக்கியம்:
‘ஆண்டவரே, இதையும் நீரே பாத்துக்கிடும்.’
பையைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு
டீ குடிக்கப் போகிறவன் குரலில் சொல்வார்.

ஒரு ஆனிச் சாரலில்
மூன்றாவது வளைவை ஆண்டவர் பார்த்துக்கொள்ளவில்லை.
கியர் நழுவி, பிரேக் பிடிக்காமல்
வந்த வழியே பின்னோக்கி இறங்கியது லாரி.
கிளீனர் பையன் ராசையாவை ஒரு கையால்
கதவுக்கு வெளியே தள்ளிவிட்டிருக்கிறார்.
சிதறிய வைக்கோலைப்
புளியரை மாடுகள் நான்கு நாள் தின்றன.

அடக்கத்தன்று உபதேசியார்
தேவ சித்தம் என்று ஆரம்பித்தார்.
நான் எழுந்து வெளியே போனேன்.
கட்டுப்போட்ட கையோடு ராசையா பின்னாலேயே வந்தான்.
‘அண்ணே, கடைசியிலயும் அதைத்தான் சொன்னாரு.
கத்தல்லாம் இல்ல. எப்பவும் சொல்ற மாதிரிதான்.’
அதை ஏன் என்னிடம் சொன்னான் என்று
அவன்மேல் நெடுநாள் கோபம்.

இன்று மழை.
வைப்பர் ஒருபக்கம்தான் துடைக்கிறது, அவள் பக்கம்.
இரண்டாவது வளைவில் எதிரே ரப்பர்த்தடி லாரி,
முழு வெளிச்சம், என் கண்ணில் ஒன்றுமில்லை.
ஒடித்தேன்.
பின்சக்கரம் மண்ணில் இறங்கி ஏறியது.
இலைக்கட்டு ஒன்று சரியும் சத்தம்.
அப்போது பக்கத்தில்,
தூக்கம் கலையாத குரலில்:
‘ஆண்டவரே, இதையும் நீரே பாத்துக்கிடும்.’

ஓரங்கட்டினேன்.
தாத்தாவை அவள் பார்த்ததில்லை.
படம்கூட பீரோவுக்குள், சேலைகளுக்கு அடியில்.
‘யாரு சொல்லித் தந்தா? அம்மாவா?’
‘நீங்கதான்.’
‘நானா?’
‘ஒவ்வொரு வளைவுக்கும் சொல்வீங்களேப்பா,
ஹாரன் அடிக்கிறதுக்கு முன்னால.
நான் எண்ணிட்டே வருவேன்.
சில நாள் ஒண்ணு ரெண்டு விட்டுப்போகும்.
அதை நான் சொல்லிருவேன்.’

பன்னிரண்டு வருஷம்
வாயை மூடியிருந்ததாக நினைத்திருந்தேன்.
உதட்டைத் தொட்டுப் பார்த்தேன்.
ஈரமாக இருந்தது. மழைதான்.

மூன்றாவது வளைவு.
வேண்டுமென்றே பல்லைக் கடித்துக்கொண்டேன்.
ஹாரன் மட்டும் அடித்தேன்.
வளைவு போயிற்று.
கணக்கில் ஓரிலக்கம் விட்டவனை
டீச்சர் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.
பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி முணுமுணுத்தாள்.
என்னவென்று நான் கேட்கவில்லை.

ஆரியங்காவு செக்போஸ்ட்.
டார்ச்சோடு வந்தவர் சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.
‘எந்தா லோடு?’
‘இலை.’
‘வேறெ?’
ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
எப்சிபா டப்பாவைத் திறந்து அவர்முன் நீட்டினாள்.
ஓர் எள்ளுருண்டையை வாயில் போட்டுக்கொண்டு
தடுப்பைத் தூக்கிவிட்டார்.

இனித் தென்மலை வரைக்கும் இறக்கம்.
எத்தனை வளைவென்று
இவளிடம்தான் கேட்க வேண்டும்.