கார்டின் பின்பக்கம்

பணகுடிக்குத் தெற்கே
காற்றாலைக் கம்பெனி ஸ்டோர் ரூமில்
கியர் பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்த மத்தியானம்
ஃபாங் கேட்டாள்:
உன் பெயரை எப்படி எழுதட்டும்?

எழுதேன், இதிலென்ன கேள்வி.
ஞானஸ்நானப் பதிவேட்டில் ராகேல்,
பள்ளிக்கூடத்தில் ரேச்சல்,
ரேஷன் கார்டில் ரெச்சள்,
கரண்டு பில்லில் இன்னமும் அப்பா.
யாரும் என்னைக் கேட்டு எழுதியதில்லை.

அவள் மொழியில் அப்படி முடியாதாம்.
வெறும் சத்தத்துக்கென்று எழுத்துக் கிடையாது,
எதை எடுத்தாலும் உள்ளே ஒரு பொருள்
ஏற்கெனவே குடியிருக்கும்.
பார்த்துத்தான் பிடிக்கணும்.

டீசல் பில்லைத் திருப்பி
முதலில் ஒன்று போட்டாள். லெய்.
மேலே மழை, கீழே வயல்.
வயலென்றால் நிஜமாகவே வயல்,
நாலு பக்கமும் வரப்பு, நடுவே குறுக்குவரப்பு இரண்டு.
இடி என்று பொருளாம்.
பெண்ணுக்கு வேண்டாம் என்று அவளே அடித்தாள்.
அடுத்து வரவேண்டிய எழுத்தில் கத்தி இருக்கிறது,
அதுவும் வேண்டாம்.

ரேச்சல்களுக்கு வழக்கமாய்ப் போடுவது வேறு ஜோடி.
ருய் சியூ.
நல்ல சகுனம், இலையுதிர்காலம்.

எங்களுக்குக் காரும் பிசானமும்தான்,
அப்புறம் காற்று.
வேம்பு பங்குனியில் உதிர்க்கும்,
அதை ஒரு காலமென்று யாரும் சொல்வதில்லை.

எழுத்தைப் பாதியாக மறைத்துக் காட்டினாள்.
இது நெற்கதிர். இது தீ.
அறுவடை என்றது அவள் போன்.

எனக்கு அப்படித் தெரியவில்லை.
பிசானம் பால்கட்டும் நேரம்
மடை வறண்ட வருஷம்
அப்பா வயல் இப்படித்தான் நின்றது,
நெல்லும், தொட்டடுத்துத் தீயும்.
மறு வருஷம் அந்த ஒன்றேகால் ஏக்கரில்
இருபத்தேழாம் நம்பர் காற்றாடி ஏறியது.
அதற்குப் போகும் கிரீஸ் டப்பாவுக்குக்
கணக்கு எழுதுவது நான்.

சரி, இடியையே போடு என்றேன்.
கூடவே இந்தத் தீயையும்.
லெய் சியூவா?
அப்படி ஒரு பெயரே இல்லை என்றாள்.
ரெச்சள் மட்டும் இருக்கிறதா?
மழை முதலில் வரணும், அவ்வளவுதான்.

முருகன்குறிச்சி பிரஸ்ஸில் ஆவுடையப்பன்
நூறு கார்டு அடித்துக் கொடுத்தார்.
முன்பக்கம் தமிழ், கொம்பு சுழியெல்லாம் சரி.
ஃபாங் வாங்கிப் பின்பக்கம் பார்த்தாள்,
கார்டை அரைவட்டம் சுற்றினாள்,
வாயைப் பொத்திக்கொண்டாள்.
தலைகீழ்.

திரும்ப வாங்கி, அடித்தபடியே பிடித்துப் பார்த்தேன்.
தீ முதலில் வந்திருந்தது.
அதன் பக்கத்தில் கதிர்.
பிறகு வயல், மேலே மொட்டையாக.
மழை வயலுக்கு அடியில் கிடந்தது,
அப்பா தோண்டித் தோண்டி
எழுபத்தைந்து அடியில் கைவிட்ட இடத்துக்கும்
கீழே.

வேறு அடித்துத் தரட்டுமா,
காசு வேண்டாம் என்றார் ஆவுடையப்பன் போனில்.
இது தீரட்டும் அண்ணாச்சி என்றேன்.