முப்பத்தேழாவது வாரம்

தலைகீழாக நின்றாலும் நடக்காது என்பார்களே,
இங்கே தலைகீழாக நில் என்றுதான்
எல்லோரும் உன்னைக் கெஞ்சுகிறோம்.
நீயோ என் விலாவுக்கடியில் தலையை முட்டுக்கொடுத்து
சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாய்,
படகுக்குக் காத்திருப்பவள் மாதிரி.

இசாஃப்யோர்துரில் சூரியன் மலைக்கு மேல் வந்து
இன்றோடு ஒன்பது நாள்.
மருத்துவச்சி ஹல்பெரா
ஜன்னலோரம் வைத்துப் படம் வரைந்தாள்:
மேலிருந்து அமுக்கி உன்னைத் திருப்பும் இரண்டு கைகள்.
பாதிப் பேர்தான் திரும்புவார்களாம்.
இல்லாவிட்டால் ரெய்க்யவிக், வியாழக்கிழமை, கத்தி.
அதுவும் பனி விலகி விமானம் பறந்தால்.

"இருந்தபடியே வரட்டுமே?" என்றேன்.
பேனாவை மூடினாள்.
அதில் கைப்பழக்கம் உள்ள டாக்டர் ஒருவர்தான்,
அவர் விடுப்பில்.

ஓர்நோல்ஃபுர்
கழுவிய கோப்பையை மறுபடி கழுவுகிறான்.

போன மே மாதம், கொட்டிலில்,
முழங்கைவரை சோப்புத் தடவி
வால்பக்கம் முதலில் வந்த குட்டிகளை
நான்தான் இழுத்தேன். அவன் விளக்குப் பிடித்தான்.
இரண்டு எழுந்து நின்றன.
மூன்றாவதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

அதே கை.
இப்போது மேஜைமேல் சும்மா கிடக்கிறது,
யாரோ மறந்துவிட்டுப் போன கையுறை போல.

திங்கள் காலை திருப்பிப் பார்க்கட்டும்.
முடியாவிட்டால் வியாழன்.
சொல்லிவிட்டேன். சரியா என்று தெரியாது.

படிவத்தில் கையெழுத்திடும்போது
நீ விக்கினாய்,
நெஞ்சுக்கு வெகு அருகில்.
கோணிக்கொண்டது என் பெயர்.