பாதையிலிருந்து விலகல்

வரைபடம் இன்னும் என் போனில் இருந்தது.
நூற்று இருபது கிலோமீட்டர்,
பாதிக்கு மேல் சரளைக்கல்.
ஏப்ரலில் நான் மிதித்திருக்க வேண்டிய
பிரான்சு நாட்டுப்புறம்.
தூதரகக் கடிதத்தில் ஒரே ஒரு கட்டத்தில் டிக்:
நான் திரும்பி வருவேன் என்பதில்
அவர்களுக்கு ஐயம்.

இருதயராஜ் சொன்னான்,
"கிலோமீட்டர் எல்லா ஊர்லயும் ஒரே நீளந்தான்."
ரயில்வேயில் சிக்னல் பார்ப்பவன்.
அதற்கு மேல் ஆறுதல் சொல்லத் தெரியாது.

அதிகாலை நாலு இருபதுக்குத் திருவான்மியூர்.
பால் வண்டிக்காரர் எங்கள் ஹெல்மெட் விளக்கில்
சில்லறை எண்ணி முடிக்கும்வரை நின்றோம்.

பதினோராம் கிலோமீட்டரில் ஓக் மரக்காடு
என்றது வரைபடம்.
சோழிங்கநல்லூர் சிக்னலில்
மூன்று கம்பெனி பஸ்கள்
ஏசி போட்டபடி, உள்ளே யாருமில்லாமல்,
பச்சைக்குக் காத்திருந்தன.

இருபத்திரண்டில், ரோமானியர் காலத்துக் கல்பாலம்.
முட்டுக்காட்டில் டயரின் காற்றைக் கொஞ்சம் இறக்கி
பக்கிங்காம் கால்வாய்க் கரையில் இறங்கினோம்.
முதல் ஜல்லி.
வறுகடலையை யாரோ
காதுக்குள் உட்கார்ந்து மெல்வது போல.
அதற்கப்புறம் பேச்சு நின்றுவிட்டது,
தார்ச்சாலை இரைச்சலும்
எந்த வளைவில் என்று தெரியாமல்
எங்களை விட்டுப் போயிருந்தது.

கோவளத்தில் ஒரு கோட்டை இருந்ததாம்.
கொஞ்ச காலம் பிரெஞ்சுக்காரன் வைத்திருந்தானாம்.
அவனுக்கு யார் விசா கொடுத்தார்கள்
என்று கேட்டேன்.
"முன்னாடி பாரு, பள்ளம்" என்றான் இருதயராஜ்.

பள்ளத்தைத் தாண்டினேன்.
சீமைக்கருவேல முள்ளைத் தாண்டவில்லை.
பின்சக்கரம் பெருமூச்சுவிட்டு உட்கார்ந்தது.

டியூப் மாற்றும்போது பார்த்தேன்.
கழுத்தளவு கால்வாய் நீரில் ஒரு பெண்,
பல்லில் ஓலைப்பறியைக் கடித்தபடி
அடிச்சேற்றில் இறால் துழாவிக்கொண்டிருந்தாள்.
இந்தக் கரை சதுரங்கப்பட்டினம் வரை போகுமா?
வாய் திறந்தால் அன்றைய வரும்படி
தண்ணீரோடு போய்விடும்.
மோவாயால் தெற்கே காட்டினாள்,
பிறகு சற்று இடப்பக்கம்,
பிறகு புருவத்தால்
'அங்கே கரை உடைந்திருக்கிறது' என்பது போல ஒன்று.
எந்தச் செயலியும் இதுவரை
இவ்வளவு சரியாக வழி சொன்னதில்லை.

மாமல்லபுரத்தைச் சுற்றிக்கொண்டு போனோம்.
பல்லவனைப் பார்க்க பஸ்ஸில் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.
எங்களுக்குச் சவுக்குத்தோப்பு போதும்.
உப்பு பூத்த மண்ணில்
எங்கள் இரண்டு தடங்கள்,
குறுக்கே ஒரு கீரியின் தடம்.

அறுபதாம் கிலோமீட்டர்:
மடாலயம், பன்னிரண்டாம் நூற்றாண்டு, அமைதி காக்கவும்.
சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை.
காவலாளி சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுச்
சாவியோடு வந்தார்.
"சைக்கிள் வெளியே."
உள்ளே செங்கல் சுவர்கள், வெயில்,
ஓர் ஓரத்தில் கல்லறைகள்.
கல்லில் கேடயம், சுருள்சுருளாய் எழுத்து.
படிக்க முடிந்தது எண்கள் மட்டும்.
கழித்துப் பார்த்தேன். ஒருவருக்கு முப்பத்தொன்று.
இன்னொருவருக்கு நாலு.

இவர்களைப் பற்றித்தான்
அந்த அதிகாரி கவலைப்பட்டிருக்க வேண்டும்.
திரும்பிப் போகாதவர்கள்.
கோப்பு மாறி
என் பெயருக்கு நேரே டிக் விழுந்துவிட்டது.

நாலு வயதுக் கல்லின் மேல்
யாரோ வெயிலுக்கு
மிளகாய் வற்றல் காயவைத்திருந்தார்கள்.
"நம்ம வீட்டுதுதான்" என்றார் காவலாளி,
"இந்தக் கல்லுதான் நல்லா சுடும்."

வெளியே வந்து போனைத் திறந்தேன்.
பாதையிலிருந்து விலகிவிட்டீர்கள் என்றது.
எவ்வளவு என்றும் சொன்னது:
ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.

இருதயராஜ் எட்டிப் பார்த்துவிட்டு
பாட்டிலில் மிச்சமிருந்த மோரைக் குடித்தான்.
வரைபடத்தில் இன்னும் பாதி இருக்கிறது:
ஒரு திராட்சைத் தோட்டம், ஒரு காற்றாலை.
வடக்கே திரும்பினோம்.
எதிர்க்காற்று.