ஒரிஜினல் நிலை

தேவகோட்டை ரஸ்தாவில் கேட் மூடியிருந்தபோது
வண்டி தானாக அணைந்தது.
டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில்,
குன்றக்குடி உத்திரத்துக்கு சீரியல் பல்பு கட்டினதுபோல.
பதினான்காயிரத்து இருநூறு கிலோமீட்டர்.
வாரண்டி தீர இன்னும் பதினோரு மாதம்.

சர்வீஸ் சென்டரில் ரியாசுதீன் குனிந்தான்.
அவன் கண் ஃபியூஸ் பெட்டிக்குப் போகவில்லை,
ஸ்டீயரிங்குக்குக் கீழே போனது.
இழுத்தால் வேகம், தள்ளினால் பிரேக்:
புதுவயலில் அரிசி மில்லுக்குப் பல்சக்கரம் கடையும்
சூசைமாணிக்கம் செய்த கம்பி,
முனையில் சைக்கிள் கைப்பிடி, பச்சை ரப்பர்.
வேறு கலர் இல்லையா என்று அன்று கேட்டேன்.
"பிரேக் பிடிக்கும்ல" என்றார்.

"இது வெளி ஃபிட்டிங், மேடம்."
ஆமாம்.
"ஒயரையும் தொட்டிருக்காங்க."
ஆமாம், ஹாரனுக்கு ஒன்று.
அவன் போட்டோ எடுத்துச் சென்னைக்கு அனுப்பினான்.
என்னைப் பார்க்காமல் எடுத்தான், நல்ல பையன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது.
மாற்றம் செய்யப்பட்ட வாகனம். உத்தரவாதம் பொருந்தாது.
ஒரிஜினல் நிலையில் நேரில் கொண்டுவந்தால்
மறுபரிசீலனை.

முனீஸ்வரன் கோயில் தெருவில்
ஒரிஜினல் என்ற சொல்லை எடை போட்டு விற்பார்கள்.
எனக்கு அது
ஒரு வலது கால், இரண்டு மிதி.
ஒரிஜினல் நிலையில் இந்த வண்டியை
நேரில் யார் கொண்டுவருவது?

மூன்று வயதிலிருந்து என் கால்
தோல் வாரும் இரும்புப் பட்டையும்.
அதற்கும் ஒரு உத்தரவாத அட்டை இருந்திருக்கலாம்,
அம்மா தேடவில்லை.
ஆர்.டி.ஓ. ஆபீசில் எட்டுப் போடச் சொன்னார்கள், போட்டேன்.
ஆர்.சி. புத்தகத்தில் முத்திரை இருக்கிறது.
அரசாங்கமே பார்த்துவிட்ட காலை
கம்பெனி பார்க்கவில்லை.

என் வேலை துரு.
எதை எது அரித்தது என்று
ஆய்வகத்தில் எழுதித் தருகிறேன், பத்தொன்பது வருடமாக.
கழற்றிய கப்ளரைக் கேட்டு வாங்கி
முறுக்கு டப்பாவில் வைத்துக் கொண்டுபோனேன்.

லென்சுக்கு அடியில் பச்சை.
தண்ணீர் மேலிருந்து இறங்கியிருக்கிறது.
முன்கண்ணாடி ஓரம் ஓர் அங்குலம் பசை விட்டுப்போன இடம்,
அது ஃபேக்டரி கை.
சூசைமாணிக்கம் அறுத்த ஒயர் நான்கு விரல் கீழே,
செம்பு செம்பாகவே.

துரு தேதி போட்டு எழுதாது.
எந்த மாதம் என்று என்னால் சொல்ல முடியாது.
எந்தத் திசை என்று சொல்லலாம்.
இரண்டு பக்கம் எழுதினேன்.
ஆய்வக முத்திரை வைக்கவில்லை,
சொந்தக் கடிதத்துக்கு அது முறையில்லை.

பதினேழு நாள்.
கோட்டையூரிலிருந்து ஆட்டோவுக்கு மட்டும் மூவாயிரத்துச் சொச்சம்,
அது எந்த அட்டையிலும் வராது.

கண்ணாடி இலவசம், ஃபியூஸ் பெட்டி இலவசம்.
அடியில் பொடி எழுத்தில்
பிரேக், ஆக்சிலேட்டர், ஸ்டீயரிங் பகுதிகளுக்கு
இனி உத்தரவாதம் இல்லை.
அதாவது நான் தொடுகிற இடமெல்லாம்.
டிக்கிக்கு உண்டு. பின்கதவுக்கு உண்டு.
சண்டை போட்டிருக்கலாம்.
ஆய்வகத்தில் லீவு மிச்சமில்லை.
கையெழுத்துப் போட்டேன், பெ. திருமகள்.

வண்டியை வெளியே எடுக்க ரியாசுதீன் உட்கார்ந்தான்.
கம்பியில் முழங்கால் இடித்தது.
மறுபடி இடித்தது.
"நீங்களே எடுத்துருங்க, மேடம்."

ரஸ்தாவில் கேட் மூடியிருந்தது.
இடது கை பச்சை ரப்பரில்,
தள்ளிப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.
ராமேஸ்வரம் வண்டி கடந்து முடிய நேரமாயிற்று.
அணையவில்லை.