தடுப்பூசி

குவாயாகில் நகரத்தில் கப்பத்துக்கு
இப்போது தடுப்பூசி என்று பெயர்.
வெள்ளிதோறும் போட்டுக்கொள்கிறோம்.
கை வலிப்பதில்லை.

எதிர்க்கடைத் தையல்காரர் எலியோதோரோ
இரண்டு வாரம் தவறவிட்டார்.
ஷட்டரில் ஐந்து ஓட்டை.
மறுநாள் அவற்றின் வழியே புகுந்த வெயில்
யாருக்கோ வெட்டி வைத்த கால்சட்டையின் மேல்
ஐந்து காசாகக் கிடந்தது.
எடுப்பாரில்லை.

நான் மீன் சூப் விற்கிறவள்.
முன்பு விடிகாலை நான்கு மணிக்கே
துறைமுகத்து ஆட்கள் பெஞ்சை நிறைப்பார்கள்.
இப்போது கம்பிக்கதவுச் சந்தில்
கிண்ணத்தைச் சாய்த்துத்தான் நீட்ட முடிகிறது.
பாதி சூப் படியில் கொட்டுகிறது.
தெருநாய் கொழுத்துவிட்டது.

ஒரே மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தால்
தெரு மூச்சை இழுத்துப் பிடிக்கும்.
நேற்று வந்த இருவர்
மேல்வீட்டுக்கு பீட்சா கொடுத்துவிட்டுப் போனார்கள்.
அதற்குள் மௌரோ தரையில் கிடந்தான்,
பள்ளியில் பழக்கியபடி
காதைப் பொத்தி, வாயைத் திறந்து.
எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு
"பென்சில் விழுந்துடுச்சும்மா" என்றான்.
நானும் குனிந்து
அவனோடு கொஞ்ச நேரம் தேடினேன்.

இன்று வெள்ளி.
வந்தவனுக்கு ஹெல்மெட்டுக்குள் கண் மட்டும்.
வெங்காயம் தூக்கலாக, எலுமிச்சை வேண்டாம்,
கூட ஒரு கரண்டி மரவள்ளி.
அவன் எதுவும் கேட்கவில்லை.
என் கைக்குத்தான் ஞாபகம் வந்தது.

எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான்.
பணத்தைச் சாய்க்க வேண்டியதில்லை,
கம்பிச் சந்தில்
நேராகவே போகிறது.