கால்நடை

கொருக்குப்பேட்டைக்கு வடக்கே ஒரு ரயில்வே கேட்.
மூன்று நாள் உட்கார்ந்து எண்ணச் சொன்னார்கள்.
ஷிப்டுக்கு ஐந்நூறு, டீ தனி.
நாற்காலி என்னுடையது.
படிவமும் பரீட்சை அட்டையும் சர்வே கம்பெனியுடையது.

மேம்பாலத்துக்குப் பணம் எப்படி வருமென்று
நாகபூஷணம் சார் முதல் நாளே சொல்லிவிட்டார்:
ஒரு நாளில் போகும் ரயிலை
ஒரு நாளில் கடக்கும் வண்டியால் பெருக்கு.
லட்சத்தைத் தொட்டால் ரயில்வே பாதி, சர்க்கார் பாதி.
தொடாவிட்டால் மொத்தமும் கார்ப்பரேஷன் தலையில்.
அந்தத் தலையைத்தான் உனக்குத் தெரியுமே, என்றார்.

காருக்கு ஒன்று.
துறைமுகத்துக்குப் போகிற ட்ரெய்லருக்கும் அதே ஒன்று.
ஆட்டோ அரை. பைக் கால்.
கால்நடை இழுக்கும் வண்டிக்குக்கூட ஒரு கட்டம், ஒரு முழு எண்.
மூன்று நாளில் வந்தது ஒரே ஒரு மாடு,
அதுவும் வண்டி இல்லாமல்.
தண்டவாளத்தில் நின்று ஒரு போஸ்டரைப் பாதி தின்றது,
மீதியைக் கேட்கீப்பர் தேசப்பன் பிடுங்கினார்.

கால்நடையாக வருகிறவர்களுக்குக் கட்டம் இல்லை.

கேட் மூடியதும் அவர்கள்தான் வந்தார்கள்.
டேங்கர் வேகன் மணலிப் பக்கமிருந்து ஊர்ந்து வர
பைக்காரர்கள் இஞ்சினை அணைக்க
இவர்கள் குனிந்தார்கள்.
புடவையை இடுப்பில் செருகிக் குனிந்தார்கள்,
கேஸ் சிலிண்டரை முன்னால் உருட்டிவிட்டுக் குனிந்தார்கள்,
ஸ்டான்லியில் கட்டுப்போட்ட கையை
ஒரு குழந்தையைப்போல் ஏந்திக்கொண்டு ஒருவர் குனிந்தார்.

"இன்னாம்மே எய்தினுகீற?"
ஆப்பக்கடை ரெஜினா. இடுப்பில் மாவுக் குண்டான்.
பாலத்துக்கு, என்றேன்.
"என்னிய போட்டியா?"
இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை.
படிவத்தின் ஓரத்தில் ஸ்கேல் இல்லாமல் ஒரு கோடு இழுத்தேன்.
இரவு பத்து மணிக்குள்
கோட்டுக்கு அந்தப் பக்கம்
ஆறாயிரத்து நூற்றுப் பதினேழு பேர்.

சார் அந்த ஓரத்தை மட்டும் கிழித்தார்.
மடித்து, நகத்தால் நீவி, நேராகக் கிழித்தார்.
பிறகு கால்குலேட்டர்.
ரயில் ஐம்பத்தெட்டு.
வண்டி ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு.
தொண்ணூற்றெட்டாயிரத்து இருபது.
இன்னொரு தடவை தட்டினார். அதேதான்.
"முப்பத்தஞ்சு குறையுது பொண்ணு.
பைக்னா நூத்திநாப்பது.
நான் போய் ஒரு டீ சாப்பிட்டு வரேன்."

அவர் டீ குடித்து முடிக்கும்வரை எழுதினேன்.
ரெஜினாவுக்கு ஒரு எக்ஸெல்,
குண்டான் வைக்க முன்னால் இடம் இருக்கும்.
கட்டுப்போட்ட கைக்காரருக்குக் கியர் இல்லாத ஸ்கூட்டி.
நைட் ஷிப்டு முடிந்து
அறுந்த செருப்போடு வந்த மூன்று பெண்களுக்கும்
ஆளுக்கொன்று, டபுள்ஸ் வேண்டாம்.
தேசப்பனுக்குப் புல்லட்.
அவர் மகள் எட்டாவதுதான், லைசென்ஸ் வயசில்லை,
விட்டுவிட்டேன்.
மனசு கேட்கவில்லை, திரும்பி வந்து போட்டேன்.
சிலிண்டர்காரனுக்கு, ஸ்டூல் தூக்கிப் போனவனுக்கு,
போஸ்டர் தின்ற மாட்டுக்குப் போடலாமா என்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
நூற்று நாற்பதாவது எனக்கு. கறுப்புக் கலர்.

இரண்டு வருடம் கழித்துப் பாலம் பட்ஜெட்டில் வந்தது,
வரிசை எண்ணோடு, ஊர்ப் பெயரோடு.
எதிரே ஒதுக்கீடு: ரூபாய் ஆயிரம்.
ஃபைல் செத்துப்போகாமல் இருக்கப் போடுகிற
டோக்கன் தொகையாம்.
எங்கள் தெரு ஹார்டுவேர் கடையில் கேட்டேன்,
இரண்டரை மூட்டை சிமெண்டு வரும்,
ஏற்றுக்கூலி சேராமல்.
கவுன்சிலர் பத்தாயிரம் வாலா வெடித்தார்.

நேற்று சாயங்காலம் கேட் மூடியிருந்தது.
கையில் அட்டையும் இல்லை, உட்கார நாற்காலியும் இல்லை,
எல்லோரையும்போல் நின்றிருந்தேன்.
குண்டானைத் தரையில் வைத்து, இந்தப் பக்கம் தள்ளி,
முட்டியில் கை ஊன்றி
தானும் குனிந்து வந்தது
என் முதல் பைக்.
நிமிர்ந்து, மூச்சு வாங்கி,
ஹாரன் அடிக்காமல்
"நவுரு" என்றது.