அவன் இதை மறக்க மாட்டான்

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினால்
நண்டுக் கம்பெனிக்கு விடுமுறை.
தங்கச்சிமடம் முழுக்க வாடை
கூரைத் தகரங்களைத் தூக்கித் தூக்கிப் போடும்.
தம்பி பிரிட்டோ கத்தாருக்குப் போகையில்
விட்டுப்போன லேப்டாப்பைத் திறப்பேன்.
அதில் எஸ் பட்டன் இல்லை.
அதனால் கித்தேரிக்குப் பின்வாங்கி நடக்கத் தெரியாது.
போவதென்றால் திரும்பித்தான் போவாள்.

கித்தேரி நான் செய்தவள்.
மூக்கைக் கொஞ்சம் கோணலாக வைத்தேன்
புருவத்தில் ஒரு வெட்டு
தோள் மட்டும் என்னுடையதைவிட அகலம்.
நூற்றுப்பத்து மணி நேரமாக
அவள் முதுகைப் பார்த்தே நடக்கிறேன்.
என் முதுகை நான் பார்த்ததில்லை.

ரொட்டி திருடிய பையனைக் காட்டிக்கொடுக்கலாம்.
பொய் சொல்லிக் காப்பாற்றலாம்.
ஒன்றும் பேசாமல் நிற்கலாம்.
மூன்று வரிகள்.
காவலன் காத்திருக்கிறான்.
எழுந்துபோய் உலை வைத்து
நேற்றைய மீன்குழம்பைச் சூடாக்கி வந்தாலும்
அதே இடத்தில், அதே ஈட்டியோடு.
பேசாமல் நிற்பதை அழுத்தினேன்.
பையனை இழுத்துப் போனார்கள்.
திரையின் மூலையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது
எனக்குத் தமிழில்தான் கேட்டது:
அவன் இதை மறக்க மாட்டான்.

பழைய இடத்துக்கு ஓடினேன், பொய் சொன்னேன்.
பையன் பிழைத்தான்
கித்தேரிக்கு இடது காது போயிற்று.
அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

கெட்டவளாகவும் ஒருமுறை ஆடிப் பார்ப்போமே என்று
இன்னொருத்தியைச் செய்தேன்.
பெயர் வைக்கவில்லை.
குருடன் ஒருவனின் ஆட்டை அவிழ்ப்பதற்குள்
கை வேர்த்துவிட்டது.
அணைத்துவிட்டேன்.

கூண்டு இறங்கிய மறுநாள்
தராசுக்குப் பக்கத்தில் என் நாற்காலி.
கூடைக்கு முந்நூறு கிராம்
தண்ணிக் கழிவு என்று குறைக்கச் சொல்லியிருக்கிறார் முதலாளி.
நண்டு வடிந்துதான் வருகிறது.
ஆறு வருஷமாகக் குறைக்கிறேன்
கை வேர்த்ததில்லை.

சந்தியாகு கூடையை ஏற்றிவிட்டுக் கேட்டான்
"எட சரிதானக்கா?"
வரிகள் ஏதும் வரவில்லை.
அவன் காத்திருக்கவும் இல்லை.
கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு
அடுத்த கூடைக்குத் திரும்பிவிட்டான்.
முள் பன்னிரண்டில் நின்றது.
பதினொன்று எழுநூறு என்று எழுதினேன்.
எழுதிவிட்டு மூலையைப் பார்த்தேன்.
அங்கே ஐஸ் பெட்டி ஒழுகிக்கொண்டிருந்தது.

ராத்திரி திறந்தபோது
விட்ட இடத்திலேயே நின்றாள், ஏதோ ஊர்வாசலில், மழையில்.
நகர்த்தவில்லை.
பார்வையை மட்டும் மெல்லச் சுற்றி
அவள் முகத்துக்கு எதிரே வந்தேன்.
கோணல் மூக்கு, ஒற்றைக் காது
மூச்சுக்கு ஏறி இறங்கும் அகலத் தோள்.
ஒன்றும் கேட்கவில்லை அவள்.
காவலனைப் போலவே நின்றாள்.
அடுப்பில் உலை பொங்கி வழிவது கேட்டது
எழுந்திருக்கவில்லை.

நாளைக்குக் காற்று எப்படி என்று போனில் பார்த்தேன்.
கூண்டு ஏற்ற மாட்டார்கள்.